மலையைக் கடந்து போனவர்கள் விட்டுச்சென்ற சாமான்கள்

நார்வேயின் லெண்ட்பிரீன் மலைக்கணவாயில் பனி உருகிய இடத்தில் ஒரு சின்ன மரத்துண்டு கிடைத்தது. கைக்குள் அடங்கிவிடும். ஜூனிப்பர் மரத்தில் செதுக்கியது. தொல்லியல் ஆட்களுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. சரி, இருக்கட்டும் என்று பக்கத்து ஊரான லோமில் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பார்த்த உள்ளூர் மூதாட்டி ஒருவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்: ஆட்டுக்குட்டி தாயிடம் பாலைக் குடித்துத் தீர்த்துவிடாமல் இருக்க அதன் வாயில் வைத்துக் கட்டுகிற கட்டை இது. 1930கள் வரை அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இதே கட்டை புழக்கத்தில் இருந்திருக்கிறது. நம்மூரில் கன்றுக்கு வாய்க்கூடை மாட்டுகிறோமே, அதே வேலை. கார்பன் காலக்கணிப்பு செய்து பார்த்தால் கட்டை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

உருகும் பனியிலிருந்து வரலாறு கிடைக்கிறது என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ஓட்ஸி என்ற பனிமனிதர்தான். அவர் கதை பெரிய கதை, பின்னால் வருகிறேன். ஆனால் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் ஆல்ப்ஸ், நார்வே, கனடா, மங்கோலியா என்று பல மலைகளில் பனிக்கடியிலிருந்து வெளிவந்த சாமான்களைப் பட்டியல் போட்டால், பெரும்பாலும் இந்த ஆட்டுக்குட்டிக் கட்டை வகையறாதான்: ஒடிந்த அம்பு, தேய்ந்த செருப்பு, ஒற்றைக் கையுறை, குதிரை லாடம், ஒட்டுப் போட்ட சட்டை, குதிரைச் சாணம். அரசர்கள் யாரும் இல்லை. கோட்டை, கோயில், கல்லறை எதுவும் இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் வேட்டைக்கும் மலையேறிப் போனவர்கள் தவறவிட்டவை இவை. எந்த ஏட்டிலும் ஒரு வரிகூடப் பதியாத வாழ்க்கை. மனிதர் அண்டாத வெற்றுநிலம் என்று வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவைத்த உச்சிகள் பலருக்கு அன்றாடப் பாதையாகவும் தொழில் நடக்கும் இடமாகவும் இருந்தன என்பதை இந்தச் சாமான்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

ஓடும் பனி, கிடக்கும் பனி

'பனியாறு உருகியது, பழம்பொருள் கிடைத்தது' என்று செய்திகளில் போடுவார்கள். அது பாதிதான் சரி. பனியாறு என்பது ஓடிக்கொண்டே இருக்கும் பனி. தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்கும். உள்ளே விழுந்ததை நசுக்கி, பாறையோடு பாறையாக அரைத்து, சில பத்தாண்டுகளிலோ சில நூற்றாண்டுகளிலோ கீழே கொண்டுவந்து தள்ளிவிடும். அதனால் பனியாறுகளில் 500 ஆண்டுகளுக்கு மேல் பழமையான பொருள் கிடைப்பது அபூர்வம். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையானவை கிடைப்பது வேறு இடத்தில். மலையின் நிழல் பக்கத்திலும் பள்ளங்களிலும் நகராமல் கிடக்கும் பனித்திட்டுகள் இருக்கின்றன. ஓடுகிற அளவுக்கு இவற்றுக்குக் கனம் கிடையாது. மேலே விழுந்த பொருளை அடுத்த பனிப்பொழிவு மூடிவிட்டால், அது நசுங்காமல் அங்கேயே கிடக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் மனிதனுக்கு என்ன வேலை? மான்தான் காரணம். கோடையில் ரெயின்டீர் மான்களை ஈக்கள் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. தோலுக்கடியிலும் மூக்குக்குள்ளும் புழு வைக்கிற ஈக்கள் உண்டு. அவற்றிடமிருந்து தப்பிக்க மான்கள் கூட்டமாகப் பனித்திட்டின் மேல் ஏறி நின்றுகொள்ளும், குளிரில் ஈ வராது. எந்தத் திட்டில் எந்தக் காற்றுக்கு மான் வந்து நிற்கும் என்பது வேடனுக்கு மனப்பாடம். நார்வேயில் நூற்றுக்கணக்கான மிரட்டுக்குச்சிகள் கிடைத்திருக்கின்றன. சுமார் ஒரு மீட்டர் நீளக் குச்சியின் நுனியில் காற்றில் படபடக்கும்படி மரச்சீவலையோ பட்டையையோ கட்டிவிடுவார்கள். அப்படி வரிசையாக நட்டுவைத்தால், அசைவதைக் கண்டு மிரளும் மான் அந்தப் பக்கம் போகாமல், வில்லோடு பதுங்கியிருப்பவன் பக்கம் திரும்பும். குறி தவறிய அம்பு பனிக்குள் புதைந்தால் தேடி எடுப்பது கஷ்டம். யோட்டுன்ஹைமன் மலைப்பகுதியில் லாங்ஃபொன்ன என்ற ஒரே பனித்திட்டில் மட்டும் இப்படித் தவறிப்போன 68 அம்புகள் கிடைத்தன. மிகப் பழையவை சுமார் 6,000 ஆண்டுப் பழமை கொண்டவை. மிகப் புதியவை மத்திய காலத்தைச் சேர்ந்தவை. அதே திட்டில் 2006இல் ஒரு தோல் செருப்பு கிடைத்தது. முதலில் வைக்கிங் காலத்தது என்று நினைத்தார்கள். காலம் கணித்தால் சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முந்தையது.

மண்ணுக்குள் மரம், தோல், கம்பளி, இறகு எல்லாம் மக்கிப்போகும். கல்லும் மண்பாண்டமும் உலோகமும் மிஞ்சும். மிஞ்சியதை வைத்துத்தான் கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்று பெயர் வைத்தோம். அந்தக் காலத்து ஆள் கையில் நாள் முழுக்க இருந்தது பெரும்பாலும் மரமும் தோலும் நாரும்தான். பனி அவற்றை அப்படியே தருகிறது. அம்பு என்றால் முனை மட்டும் கிடைப்பதில்லை. தண்டு, முனையைக் கட்டிய நரம்பு, ஒட்டிய பசை, சில நேரம் வால் இறகு வரை சேர்ந்து கிடைக்கிறது. அம்பு செய்தவர் எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்பதுகூடப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லெண்ட்பிரீன்: சாலை மறந்துபோன கதை

லெண்ட்பிரீனில் முதலில் கண்ணில் பட்ட பெரிய கண்டுபிடிப்பு ஒரு சட்டை. 2011இல் கிடைத்தது. கசங்கிச் சுருண்டு கிடந்தது. கம்பளி, சாய்சதுரக் கோலம் போட்ட நெசவு. காலம் கி.பி. 230க்கும் 390க்கும் இடைப்பட்டது, நார்வேயில் கிடைத்த ஆடைகளிலேயே பழையது. ரொம்ப நாள் உடுத்திய சட்டை. கிழிந்த இடத்தில் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள், கைகளைப் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது ஏன்? கடுங்குளிரில் உடல் விறைக்கும் கடைசிக் கட்டத்தில் சிலருக்கு உடம்பெல்லாம் கொதிப்பதுபோலத் தோன்றி ஆடையைக் களைவது உண்டு. அப்படி நடந்திருக்கலாம் என்று ஒரு யூகம். பக்கத்தில் உடல் எதுவும் கிடைக்காததால் யூகத்தோடு நிற்கிறது.

சட்டைக்குப் பிறகு லார்ஸ் பிலோ, எஸ்பன் ஃபின்ஸ்டா ஆகியோர் அடங்கிய தொல்லியல் குழு ஒவ்வொரு கோடையின் கடைசியிலும் அங்கே ஏறியது. பழைய பனி வெளியே தெரிவதற்கும் புதுப் பனி விழுவதற்கும் நடுவே சில வாரங்கள்தான் கிடைக்கும். கிடைத்த பொருட்கள் வேட்டைச் சாமான்களாக இல்லை என்பது போகப்போகத்தான் உறைத்தது. லாடம், லாடம் அடித்த குதிரையின் எலும்பு, சாணம், சறுக்குவண்டித் துண்டுகள், பனியில் குதிரையின் கால் புதையாமல் இருக்கக் குளம்பில் கட்டும் வளையம், நூல் நூற்கும் கோல், ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து பொறித்த ஊன்றுகோல், கழுத்துப்பட்டையோடு ஒரு நாய். பல நிறத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒற்றைக் கையுறை. மேலே ஏறும் வழியில் அடையாளக் கற்குவியல்கள், மேட்டில் ஒதுங்குவதற்கு ஒரு கல் கொட்டகை. கடைசியில் 2020இல் 'ஆன்டிக்விட்டி' ஆய்விதழில் முழு விவரத்தோடு எழுதினார்கள்: இது ஒரு கணவாய்ச் சாலை, கி.பி. 300 அளவில் தொடங்கி 1500 வரை ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள், கி.பி. 1000 வாக்கில் போக்குவரத்து உச்சத்தில் இருந்திருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது அந்த உச்சத்தின் காலம்தான். கி.பி. 1000 என்றால் வைக்கிங் காலத்தின் கடைசி. புத்தகங்களில் அந்தக் காலம் கப்பல், கொள்ளை, கடல்கடந்த வணிகம் என்று ஓடும். மலைக்குள் இருந்த பண்ணைக்காரர்கள் கோடையில் மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மறுபக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குப் போனதும், தோல், மான்கொம்பு, வெண்ணெய் எல்லாம் வெளியே விலைபோனதும் அந்தப் பெரிய கதையின் அடிவாரம். நகரங்கள் வளர்ந்தன, நகரத்துக்குச் சரக்கு தேவைப்பட்டது, தேவை அதிகமானபோது மலைப்பாதையில் லாடங்களும் அதிகமாக விழுந்தன. ஆட்டுக்குட்டிக் கட்டையும் இந்தப் போக்குவரத்தில் தவறியதுதான். அதைக் கொண்டுபோனவர் கோடைக் கொட்டிலுக்குப் பால் கறக்கப் போயிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தப் பாதையில் போனவர்கள் பனியை இடைஞ்சலாக நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த மேடு முழுக்க உருட்டுக்கற்கள். கோடையில் குதிரை கால் வைத்தால் முறிந்துவிடும். குளிர்காலத்துக் கெட்டிப் பனி கற்களை மூடியிருக்கும் நாட்களில்தான் சறுக்குவண்டியும் பொதிக்குதிரையும் சுலபமாகப் போக முடியும். பனி இருந்ததால்தான் பாதை இருந்தது.

அப்புறம் ஏன் நின்றது? 1349இல் நார்வேக்குள் கொள்ளைநோய் புகுந்து மக்களில் பாதிப் பேரையாவது கொண்டுபோனது. பண்ணைகள் வெறிச்சோடின. அதற்கு முன்பே போக்குவரத்து குறையத் தொடங்கியிருந்தது. பின்னால் வந்த, சிறு பனிக்காலம் என்று சொல்லும் சில நூற்றாண்டுக் குளிரும் சேர்ந்துகொண்டது. சில தலைமுறைகளில் பாதையே ஊர் நினைவிலிருந்து போய்விட்டது. 2011க்கு முன்னால் அங்கே ஒரு சாலை இருந்ததாக யாருக்கும் தெரியாது.

சுவிட்சர்லாந்தின் ஷ்னீடயோக் கணவாயும் இதே ரகம், வயது மட்டும் பல மடங்கு. 2,756 மீட்டர் உயரம். 2003இல் ஐரோப்பாவைச் சுட்டெரித்த கோடையில் அங்கே போன ஒருவர் பிர்ச் மரப்பட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தார். அது கற்காலத்து வில் உறை ஒன்றின் பகுதி. தொடர்ந்து தேடியதில் கி.மு. 4500 அளவிலான மரக்கிண்ணம் முதல் ரோமானியச் செருப்பாணிகள், மத்திய காலச் சாமான்கள் வரை நூற்றுக்கணக்கில் வந்தன. காலக்கணிப்புகளை வரிசையாக அடுக்கினால் நடுநடுவே இடைவெளிகள் தெரிகின்றன. பொருள் கிடைக்கும் நூற்றாண்டுகளில் பனி பின்வாங்கி வழி திறந்திருந்தது, கிடைக்காத நூற்றாண்டுகளில் பனியாறு நீண்டு வழியை அடைத்திருந்தது. யாரோ தொலைத்த ஆணிகளும் தோல்துண்டுகளும் இப்படித் தட்பவெப்ப வரலாற்றுக்கும் சாட்சியாகிவிடுகின்றன.

ஓட்ஸி: திருத்தி எழுதப்படும் கதை

1991 செப்டம்பர் 19 அன்று ஆஸ்திரிய – இத்தாலிய எல்லையில், 3,210 மீட்டர் உயரத்தில், ஜெர்மன் தம்பதி ஹெல்முட், எரிகா சைமன் பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் உடலைப் பார்த்தார்கள். சமீபத்தில் தவறி விழுந்த மலையேறி என்றே எல்லோரும் நினைத்தார்கள். மீட்க வந்தவர்கள் காற்றழுத்த உளியால் பனியை உடைத்தபோது அவர் இடுப்பும் சேர்ந்து சிதைந்தது. சில நாட்கள் கழித்து இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தின் கோன்ராட் ஷ்பிண்ட்லர் பக்கத்தில் கிடந்த கோடரியைப் பார்த்துவிட்டு, குறைந்தது 4,000 ஆண்டு என்றார். உண்மையில் 5,300 ஆண்டு.

அவரைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் கற்காலத்து மனிதர் வேறு யாரைப் பற்றியும் நமக்குத் தெரியாது. வயது 45 வாக்கில். உடம்பில் 61 பச்சைக்குத்துகள். பல, வலி வரும் முதுகும் மூட்டும் இருக்கும் இடங்களில். தொப்பி கரடித்தோல், அங்கி வெள்ளாடும் செம்மறியும் கலந்தது, அம்பறாத்தூணி மான்தோல். வில் பாதிதான் செதுக்கியிருந்தது. 14 அம்புகளில் இரண்டுதான் எய்யத் தயார். கோடரியின் செம்பு உள்ளூர்ச் செம்பு இல்லை, தெற்கே டஸ்கனி பகுதித் தாதுவிலிருந்து வந்தது என்று 2017இல் தெரிந்தது. கடைசியாகச் சாப்பிட்டது காட்டாட்டு இறைச்சியும் கொழுப்பும், மான் இறைச்சியும், ஐன்கார்ன் கோதுமையும். இவ்வளவு நுட்பமாகத் துருவிய ஆட்களுக்கு அவர் எப்படி இறந்தார் என்பது பத்து வருடம் தெரியவில்லை. 2001இல் எடுத்த எக்ஸ்ரேயில்தான் இடது தோளுக்குள் அம்புமுனை இருப்பது தெரிந்தது. முதுகுப் பக்கமிருந்து எய்திருக்கிறார்கள்.

அவர் எப்படிப் பாதுகாக்கப்பட்டார் என்பதற்கு ஒரு கதை ரொம்ப நாள் நிலைத்திருந்தது: இலையுதிர் காலத்தில் இறந்தார், உடனே பனி மூடியது, பள்ளத்துக்குள் கிடந்ததால் மேலே ஓடிய பனியாறு அவரைத் தொடவில்லை, 1991 வரை அந்தப் பனி திறக்கவே இல்லை. ஆயிரத்தில் ஒரு அதிர்ஷ்டம் என்றார்கள். 2022இல் பிலோவும் சக ஆய்வாளர்களும் நார்வே பனித்திட்டுகளில் கற்ற பாடத்தோடு இந்தக் கதையைத் திரும்பப் பார்த்தார்கள். அவர் குடலில் இருந்த மகரந்தம் இலையுதிர் காலத்தைக் காட்டவில்லை, வசந்தம் அல்லது கோடைத் தொடக்கத்தைக் காட்டுகிறது. அப்படியானால் பள்ளம் அப்போது பனியால் நிறைந்திருக்கும். அவர் பனிமேல்தான் இறந்திருக்க வேண்டும், பின்னால் உருகியபோது சாமான்களோடு பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அடுத்த பல நூற்றாண்டுகளில் அந்த இடம் அவ்வப்போது திறந்தும் இருந்திருக்கிறது. இது சின்னத் திருத்தம்போலத் தெரியும், அப்படியில்லை. அதிர்ஷ்டம் அவசியமில்லை என்றால் ஓட்ஸியைப் போல இன்னொருவர் எங்காவது பனித்திட்டில் இருக்கலாம் என்று ஆகிறது.

இப்போது அவர் இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில், மைனஸ் 6 டிகிரிக் குளிரறையில் இருக்கிறார். சின்னச் சன்னல் வழியாகப் பார்க்கலாம். ஒரு மனிதரைக் காட்சிக்கு வைப்பது சரிதானா என்ற கேள்வி அங்கே அவ்வளவு எழவில்லை. உறவு சொல்லிக்கொண்டு வர யாரும் இல்லாத பழமை அது. கனடாவில் நிலைமை வேறு.

உறவுக்காரர்கள் இருந்தால்

1999இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கு மூலையில், மலை ஆடு வேட்டைக்குப் போன மூவர் ஒரு பனியாற்றின் ஓரத்தில் உடலையும் சில பொருட்களையும் பார்த்தார்கள். அந்த நிலம் ஷாம்பேன் – ஏஷிஹிக் பழங்குடி மக்களின் பாரம்பரிய நிலம். அவர்களின் மூத்தோர் அவருக்கு க்வடே டான் சின்ச்சி என்று பெயர் வைத்தார்கள், எப்போதோ வாழ்ந்து இப்போது கிடைத்தவர் என்று அர்த்தம். வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். தரை அணில் தோல்களைச் சேர்த்துத் தைத்த மேலாடை, ஸ்ப்ரூஸ் வேரில் பின்னிய தொப்பி. காலம் சில நூற்றாண்டுக்குள்தான். வயிற்றிலும் குடலிலும் இருந்ததைப் பார்த்தால் கடற்கரை உணவு. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு மலைவழியே நடந்துகொண்டிருந்தவர்.

ஆய்வு செய்யலாமா, கூடாதா என்பதை முடிவு செய்தது அந்த மக்களே. மூத்தோர் கூடிப் பேசி ஒரு எல்லைவரை சம்மதித்தார்கள். சமூகத்தினர் 241 பேர் டி.என்.ஏ. மாதிரி கொடுக்க முன்வந்தார்கள். அவர்களில் 17 பேருக்குத் தாய்வழியில் அவரோடு உறவு இருப்பது தெரிந்தது. இரு நூறு, முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவருக்கு வாழும் உறவினர் பதினேழு பேர்! 2001இல் அவர் உடலைத் தகனம் செய்து, சாம்பலை அவர் கிடந்த இடத்துக்கு அருகிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆய்வாளர்களுக்கு மாதிரிகள் மிஞ்சின, அருங்காட்சியகத்துக்கு உடல் கிடைக்கவில்லை. இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததாக நான் நினைக்கவில்லை.

அதே பகுதிக்கு வடக்கே யூகானில் பனித்திட்டு ஆய்வு தொடங்கிய விதமே வேடிக்கை. 1997இல் ஒரு உயிரியலாளர் மலைமேல் பனித்திட்டின் ஓரத்தில் குவியல் குவியலாகக் கரிபூ மான் சாணத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் கரிபூ வந்து பல காலம் ஆகிவிட்டது. சாணத்துக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டு. கூடவே ஒரு ஈட்டித் தண்டின் துண்டு, சுமார் 4,300 ஆண்டுப் பழையது. பின்னால் 9,000 ஆண்டுப் பழமையான தண்டுகள் வரை கிடைத்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வேடர்கள் எறிகோலால் வீசும் இலகுவான ஈட்டிதான் வைத்திருந்தார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரேயடியாக வில்லுக்கு மாறிவிட்டார்கள். அதே சமயத்தில் பெரிய எரிமலை ஒன்று வெடித்து அந்த நிலத்தைச் சாம்பலால் மூடியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் காலத்து மனிதர்கள்

ஓடும் பனியாறுகள் பழையதைத் தருவதில்லை என்றேன். அவை தருவது நேற்றைய மனிதர்களை. முதல் உலகப் போரில் இத்தாலியரும் ஆஸ்திரிய – ஹங்கேரியரும் 3,000 மீட்டருக்கு மேல் பனிக்குள் சுரங்கம் வெட்டிச் சண்டை போட்டார்கள். எதிரியைவிடப் பனிச்சரிவும் குளிரும் கொன்றது அதிகம். 2004இல் சான் மத்தேயோ சிகரத்தருகே மூன்று பேர், 2012இல் பிரெசேனாவில் இரண்டு பேர் என்று இன்னும் கீழே வந்துகொண்டிருக்கிறார்கள். புந்தா லிங்கெ என்ற இடத்தில் கம்பிவட நிலையம் ஒன்று எந்திரத்தோடு வெளிவந்தது. காவல் நிற்பவர்கள் மாட்டிக்கொள்ள வைக்கோலில் பின்னிய மேல்காலணிகளும் இருந்தன. சுவிட்சர்லாந்தில் 1942 ஆகஸ்டில் மாட்டைக் கவனிக்கக் கிளம்பிப்போன கணவன் மனைவி, 2017இல் ஸான்ஃப்ளூரோன் பனியாற்றில் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தார்கள். வீட்டில் அவர்கள் விட்டுப்போன ஏழு பிள்ளைகளில் கடைசிப் பெண்ணுக்கு அப்போது 79 வயது.

ஆல்ப்ஸில், மோன்ட் பிளாங்க் சிகரத்தின் போஸோன் பனியாற்றில் நம் நாட்டுச் சாமான்களும் உண்டு. 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' அங்கே மோதி 48 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் கப்பலேறப் போன இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். 1966 ஜனவரி 24 அன்று கிட்டத்தட்ட அதே இடத்தில் 'கஞ்சன்ஜங்கா' போயிங் விமானம் மோதியது. இறந்தது 117 பேர், அவர்களில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். பாபாவின் மரணம் பற்றிய சதிக் கதைகள் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போக வேண்டாம். பனியாறு தந்தது வேறு. 2012இல் வெளியுறவுத் துறையின் தபால் பை ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தால் ரகசியம் ஒன்றுமில்லை: 1966 ஜனவரி மாதத்து 'தி இந்து', 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழ்கள், ஏர் இந்தியா காலண்டர்கள், ஒரு சொந்தக் கடிதம். 2013இல் ஒரு மலையேறி மரகதமும் நீலமும் மாணிக்கமும் நிறைந்த பெட்டியைக் கண்டெடுத்து போலீசில் ஒப்படைத்தார். உரிமையாளர் தெரியாததால் 2021இல் அவருக்கும் ஷமோனி ஊராட்சிக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 2020இல் அங்கே சிற்றுண்டிக்கடை நடத்துபவர் ஒருவர் பழைய இந்தியச் செய்தித்தாள்கள் சிலவற்றை எடுத்து உலர்த்தினார். இந்திரா காந்தி பிரதமராவது பற்றிய தலைப்பு படிக்கும்படி இருந்தது.

இமயத்தில் இது இன்னும் கனமான விஷயம். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிப் பறந்த விமானப்படையின் ஏஎன்-12 விமானம் 102 பேரோடு இமாச்சலின் ரோதாங் கணவாய்ப் பக்கம் காணாமல் போனது. 2003இல்தான் மலையேறிகள் சிதைவுகளைப் பார்த்தார்கள். 2024இல் நான்கு உடல்கள் மீட்கப்பட்டு, 56 ஆண்டுக்குப் பிறகு அவரவர் ஊருக்குப் போய்ச்சேர்ந்தன. அவர்களில் ஒருவர் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்துக்காரர்.

இமயம் என்றால் ரூப்குண்ட் ஏரியைச் சொல்லாமல் முடியாது. உத்தரகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில், வருடத்தின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் சின்ன ஏரி. பனி விலகும் சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் தெரியும். 1942இல் வனத்துறைக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னதிலிருந்து படையெடுத்துப் போனவர்கள், யாத்திரீகர்கள் என்று ஆளுக்கொரு கதை. மண்டையோடுகளில் இருந்த காயங்களைப் பார்த்துவிட்டு, 9ஆம் நூற்றாண்டில் பெரிய ஆலங்கட்டி மழையில் எல்லோரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்ற முடிவு பிரபலமானது. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் கே. தங்கராஜ், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் அடங்கிய குழு 2019இல் 38 பேரின் மரபணுவை வெளியிட்டபோது அந்த ஒரே நாள் கதை உடைந்தது. 23 பேர் தெற்காசிய வம்சாவளி, கி.பி. 800ஐ ஒட்டிய காலம், அவர்களும் ஒரே நிகழ்வில் இறக்கவில்லை. 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி வம்சாவளி, இறந்தது சுமார் 1800இல். ஒருவர் தென்கிழக்காசியர். அந்தப் பாதை நந்தா தேவி ராஜ ஜாத் யாத்திரையின் வழி என்பதால் தெற்காசியர் வந்ததற்குக் காரணம் சொல்லிவிடலாம். கிரேக்கப் பக்கத்து ஆட்கள் அங்கே எதற்கு வந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஆவணம் எதுவும் இல்லை. பாறைச்சரிவு எலும்புகளைக் கலைத்தது போக, மலையேற்றப் பயணிகள் நினைவுப்பொருளாகத் தூக்கிக்கொண்டு போனவையும் ஏராளம். எது யாருக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் இனி கிடைக்காது.

எடுப்பதற்குள்

பனியிலிருந்து வெளியே வந்த பொருளுக்கு ஆயுள் குறைவு. இறகும் தோலும் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் சிதைந்துவிடும், மரம் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து வெடிக்கும். ஒரு முறை வெளிப்பட்டு, மறுபடி மூடி, மறுபடி வெளிப்படும் பொருட்களும் உண்டு. லாங்ஃபொன்னயின் பழைய அம்புகள் புதியவற்றைவிட மோசமாக நைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் திட்டே இப்போது இருபது வருடத்துக்கு முன் இருந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சாமான் அல்லாத சாட்சியமும் போகிறது. ஆல்ப்ஸின் கோலே நிஃபெட்டியில் துளைத்தெடுத்த பனித்தண்டின் அடுக்குகளில் ஈயத் தூசியின் அளவை ஆண்டுவாரியாக அளந்தபோது, 1349 – 1353இல் மட்டும் அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. கொள்ளைநோயில் சுரங்கமும் உலையும் நின்றுபோன வருடங்கள் அவை. இத்தகைய அடுக்குகளுக்குள் உருகிய நீர் இறங்கினால் பதிவு கரைந்துபோகும். சுவிட்சர்லாந்தின் கிராண்ட் கோம்பின் மலையில் 2018இல் எடுத்த தண்டில் படிக்க முடிந்த பதிவு, 2020இல் எடுத்ததில் அழிந்திருந்தது. இரண்டே வருடம்.

பெரும்பாலான கண்டுபிடிப்புகளைச் செய்தவர்கள் தொல்லியலாளர்கள் இல்லை. வேடர்களும் மேய்ப்பர்களும் விடுமுறைக்கு மலையேறியவர்களும்தான். அதனால் முதலில் பார்ப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சைமன் தம்பதி படம் எடுத்தார்கள், அருகிலிருந்த மலை விடுதியில் சொன்னார்கள். கண்டெடுத்தவருக்கான வெகுமதி தொடர்பான வழக்கு பல வருடம் இழுத்து, 2010இல் 1,75,000 யூரோவுக்கு முடிந்தது. நார்வே சட்டப்படி 1537க்கு முற்பட்ட எந்தப் பழம்பொருளும் அரசுடையது. சுவிட்சர்லாந்தின் வலே மாநிலம் மலையேறிகளுக்கென்று ஒரு செயலியே வைத்திருக்கிறது. எங்கும் சொல்லும் வழிமுறை ஒன்றுதான்: தொடாதே, பனியில் பாதி புதைந்திருந்தால் இழுக்காதே, அளவு தெரிய ஏதாவது ஒன்றை அருகில் வைத்துப் படம் எடு, ஜிபிஎஸ் குறித்துக்கொள், அன்றைக்கே தகவல் கொடு. விதிவிலக்கு ஒன்று உண்டு. பொருள் முழுக்க வெளியே வந்து, காற்றிலோ வெள்ளத்திலோ போய்விடும்போலத் தெரிந்தால், படம் எடுத்த பிறகு ஈரம் காயாமல் சுற்றி எடுத்துவரலாம்.